மாப்பிள்ளை பெஞ்சுக்கு நூற்று நாற்பத்திரண்டு பேர்

பெரிய ஹாலில் பத்து வரிசை, வரிசைக்கு மூன்றாக மொத்தம் முப்பது பெஞ்சுகள். எந்த பெஞ்சுக்கு என்ன குணம் என்று சாவியக்காவுக்குக் கண்ணை மூடிக்கொண்டே சொல்லத் தெரியும். நாலாம் வரிசை இடது பெஞ்சு, ஆள் உட்கார்ந்தால் முனகும். ஏழாம் வரிசை நடு பெஞ்சில் ஓர் ஆணி தலையை நீட்டிக்கொண்டு பல பேர் பேண்டைக் கிழித்திருக்கிறது. அவளும் சுத்தியல் எடுத்து அடிக்காத வருஷமில்லை, மழை பெய்தால் அது மறுபடி எட்டிப் பார்க்காத வருஷமுமில்லை.

முதல் வரிசை மூன்றும் வழவழவென்று, நேற்றுத்தான் தச்சன் கையிலிருந்து வந்ததுபோல இருக்கும். ஒரு கீறல் கிடையாது. பின்னால் போகப் போக எழுத்து கூடும். கடைசி வரிசையோ சுத்தக் கல்வெட்டு. ஒரு கிரிக்கெட் ஆட்டத்தின் முழு ஸ்கோரும் அங்கே இருக்கிறது. யாரோ ஒருத்தர் காம்பஸ் முனையால் "இங்கே நிம்மதியாகத் தூங்கினேன்" என்று செதுக்கித் தேதியும் போட்டிருக்கிறார். அந்த வரிசைக்குத்தான் மாப்பிள்ளை பெஞ்சு என்று பெயர். வீட்டு மாப்பிள்ளையை யாரும் வேலை ஏவ முடியாது, கேள்வி கேட்க முடியாது, தூங்கினால் எழுப்ப முடியாது. அந்த பெஞ்சும் அப்படித்தான்.

சாவியக்கா அந்த ஹாலின் அட்டெண்டர். பத்தொன்பது வருஷமாகக் காலையில் திறப்பதும் பெருக்குவதும் மாலையில் பூட்டுவதும் அவள்தான். இடுப்பில் தொங்கும் சாவிக்கொத்து ஆளுக்கு முன்னால் வந்து சேதி சொல்லிவிடும் என்பதால் அந்தப் பெயர். சம்பளப் பட்டியலில் இருக்கும் பெயர் அவளுக்கே சட்டென்று ஞாபகம் வராது.

அந்த வருஷம் பல்கலைக்கழகத்துக்கு நூறு வயது. பெரிய ஹாலின் கூரை ஒழுகியது. பதிவாளர் அம்மா ஒரு தீர்மானம் போட்டார். அவர் வெட்டு ஒன்று துண்டு இரண்டு என்று பேசுகிறவர். இங்கே படித்துப் போனவர்கள் முன்வந்து முப்பது பெஞ்சுகளையும் பணம் கட்டித் தங்கள் பெயரில் ஏற்றுக்கொண்டால் அந்தப் பணத்தில் கூரையைப் பழுது பார்த்து, ஹாலை இருந்தபடியே வைத்துக்கொள்ளலாம். ஒரு பெஞ்சு மிஞ்சினாலும், அத்தனையையும் பிடுங்கிவிட்டு, நடுவில் தடுப்பு வைத்து நாலு கம்ப்யூட்டர் அறை. இருபதாம் தேதி வெள்ளிக்கிழமை மதியம் பன்னிரண்டு மணி வரைக்கும் கெடு.

ஹால் இல்லையென்றால் ஹாலுக்கு அட்டெண்டர் எதற்கு? சாவியக்காவைப் பைபாஸ் ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கும் புது வளாகத்தின் கேட்டில் உட்கார வைக்க ஆர்டரும் தயாராக இருந்தது. ரெண்டு பஸ் மாறி, அதற்கப்புறம் நடை.

"போனா என்ன? நீ வீட்டுக்கு வரும்போது நான் தூங்கியிருப்பேன், நான் எந்திரிக்கும்போது நீ கிளம்பியிருப்பே. நமக்குள்ள சண்டைக்கே வழியில்ல" என்றார் அவள் வீட்டுக்காரர். அவர் தையல்காரர். வாசல் அறையில் மெஷின் போட்டு, ஊசியை வாயில் வைத்துக்கொண்டே பேசுவார்.

"உங்களுக்கு எல்லாம் விளையாட்டு."

"விளையாட்டு இல்ல. நீ இல்லாம மத்தியானம் தனியா உக்காந்து சாப்பிடணும். அதை எப்படிச் சொல்றதுன்னு தெரியாமத்தான் இதைச் சொல்றேன்" என்றுவிட்டு, மிதியை வேகமாக மிதித்தார்.

முன்னாள் மாணவர்களைத் தேடிப் பிடிக்க ஓர் அலுவலகம் இருந்தது. அதன் அதிகாரி முப்பது வயதுக்காரர், கையில் ரெண்டு போன். "நீங்கள் அமர்ந்த பெஞ்சு, உங்கள் பெயரில்" என்று அவர் ஊர் உலகமெல்லாம் கடிதம் அனுப்பினார். ஒரு ஆளாகவும் ஒரு பெஞ்சை எடுக்கலாம், சேர்ந்தும் எடுக்கலாம். பெஞ்சில் ஒரு பித்தளைத் தகடு அடிப்பார்கள். தகட்டில் ஆறு பெயருக்கு மேல் இடம் கிடையாது. இன்னார் அமர்ந்த இடம் என்று போடுவதால், பெயருக்கு உரியவர் கையெழுத்து கட்டாயம் வேண்டும்.

பதில்கள் மளமளவென்று வந்தன. அதிகாரிக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு வாரம் கழித்து, பட்டியலைத் தூக்கிக்கொண்டு ஹாலுக்கே வந்துவிட்டார்.

"அக்கா, ஒரு விஷயம் சொல்லுங்க. இந்த யுனிவர்சிட்டியில முதல் பெஞ்சுல யாராவது உக்காந்து படிச்சிருக்காங்களா?"

"என்ன சார் அப்படிக் கேக்கறீங்க?"

"மாப்பிள்ளை பெஞ்சு கேட்டு நூத்தி நாற்பத்திரண்டு பேர் எழுதியிருக்காங்க. பதினெட்டு இடம்தான் இருக்கு. முன்னாடி ரெண்டு வரிசையை ஒருத்தர்கூடச் சீண்டல. ஜட்ஜு கடைசி பெஞ்சாம். கோல்டு மெடல் வாங்கினவங்க கடைசி பெஞ்சாம். இத்தனை பேரும் அங்க இருந்திருந்தா மூட்டை மாதிரி அடுக்கித்தான் வெச்சிருக்கணும்."

"எல்லாரும் ஒரே வருஷம் இல்லையே சார்."

"ஒரே பேட்ச்ல நாற்பத்தோரு பேர் கேக்கறாங்க அக்கா. பந்திக்கு முந்து, பெஞ்சுக்குப் பிந்துன்னு கிளம்பிட்டாங்க." அவர் ஒரு பெஞ்சில் சாய்ந்தார். நாலாம் வரிசை இடது பெஞ்சு. அது முனகியது. "இடம் கிடைக்காதவங்களை ஒன்பதாவது, எட்டாவதுன்னு நகர்த்தி இருபத்திநாலு பெஞ்சைத் தள்ளிட்டேன். முன்னாடி ஆறு பெஞ்சு அப்படியே நிக்குது. இதுல யாரு நிஜமா பின்னாடி உக்காந்தவங்க, யாரு கதை விடறாங்கன்னு தெரிஞ்சா, கதை விடறவங்களை முன்னாடி கொண்டு வரலாம். நீங்க கூப்பிட்டுப் பேசறீங்களா?"

கடைக்காரரிடம் மிச்சக் காசு கேட்கக்கூடக் கூச்சப்பட்டு அப்படியே வந்துவிடுகிறவள் சாவியக்கா. "நானா? நான் என்ன சார் பேசுவேன்?"

"நான் பேசினா வக்கீல் நோட்டீஸ் மாதிரி இருக்காம். உங்களுக்கு பெஞ்சு தெரியும். அது போதும்."

அன்று சாயங்காலம் வீட்டுக்காரரிடம் சொல்லிப் புலம்பினாள். "பொய்யா நிஜமான்னு ஒருத்தரை எப்படிக் கேக்கறது?"

"ஏன் கேக்கறே? இடுப்பு எத்தனைன்னு கேட்டா எல்லாரும் முப்பத்திரண்டுதான் சொல்வாங்க. நான் கேக்கறதே இல்ல. டேப்பைச் சுத்திடுவேன்."

பெஞ்சில் உட்கார்ந்தவர்களுக்கு என்ன டேப்பைச் சுத்துவது? படுத்த பிறகும் அதையே யோசித்தாள். பத்தொன்பது வருஷமாக, பரீட்சைக்கு முந்தின நாள், அவள் காவல் காக்கும் வாசல் வழியாக ஒரே ஒரு நோட்டு வெளியே போகும். எதிரே உள்ள ஜெராக்ஸ் கடைக்குப் போய், நாற்பதாகத் திரும்பி வரும். நோட்டுக்காரர் முதல் வரிசையில் இருப்பார். வாங்கிப் போகிறவர்கள் கடைசி வரிசை. அதில் ஒரு வருஷம்கூட மாற்றமில்லை.

மறுநாள் அதிகாரியின் மேஜைப் போனை எடுத்தாள். எதிர்முனையில் இருப்பது பெரிய மனிதர் என்று தோன்றினால், அறியாமல் எழுந்து நின்றுவிடுவாள். அதிகாரி நாற்காலியைக் காட்டுவார், அவள் தலையாட்டிவிட்டு நின்றுகொண்டே இருப்பாள்.

மூன்றாவதாகப் பேசியவர் பாலம் கட்டும் இன்ஜினியர். அவர் கட்டிய பாலம் வழியாகத்தான் அவள் வீட்டு பஸ்ஸே வருகிறது.

"எந்த பெஞ்சு சார்?"

"கடைசி வரிசை, நடு பெஞ்சு. சுவர்ல சாஞ்சுக்கிட்டு உக்காந்திருப்பேன்."

"கடைசி பெஞ்சுக்கும் சுவருக்கும் நடுவுல ஆள் போற வழி இருக்கே சார்."

"அப்படியா? வருஷமாச்சு இல்ல, மறந்திருக்கும்."

"பரவாயில்ல சார். பரீட்சைக்கு யாரோட நோட்டை ஜெராக்ஸ் எடுப்பீங்க?"

"எதுக்கும்மா எடுக்கணும்? நான்தான் எல்லாம் எழுதிடுவேனே. தேதி போட்டு, நீலத்துல எழுதி, சிவப்புல அடிக்கோடு..." அந்தப் பக்கம் ஏதோ இயந்திரம் மண் வாரும் சத்தம் மட்டும் கேட்டது.

"சார், நீங்க முதல் பெஞ்சு" என்றாள் சாவியக்கா மெதுவாக.

"யார்கிட்டயும் சொல்லிடாதீங்கம்மா. என்கிட்ட வேலை பாக்கற பசங்க எல்லாரும் நான் பெரிய மாப்பிள்ளை பெஞ்சுன்னு நம்பிக்கிட்டு இருக்காங்க."

டேப் வேலை செய்தது. ஆனால் அளந்து என்ன பயன்? பிடிபட்டவர்கள் ஒருத்தரும் முன்னால் வரச் சம்மதிக்கவில்லை. ஜட்ஜு போனையே வைத்துவிட்டார். திங்கள், செவ்வாய் ஓடிப்போயிற்று. ஆறு பெஞ்சும் ஆறு பெஞ்சாகவே நின்றன.

புதன்கிழமை பேக்கரிக்காரர் கிடைத்தார். இன்ஜினியரிங் படித்துவிட்டு பன் சுடப் போனவர். பாலத்துக்காரர் படித்த அதே பேட்ச்.

"நோட்டா? எங்க பேட்சுக்கே ஒரு நோட்டுதான்மா. ரெண்டு கலர்ல எழுதுவான். ஜெராக்ஸ்ல எல்லாம் கறுப்பாத்தான் வரும், ஒரே ஒரு தடவை அசலைப் பாத்தேன். கல்யாணப் பத்திரிகை மாதிரி இருந்துச்சு. அதனால அவனுக்குப் பேரே ரெண்டு கலர். அவன் நோட்டை வெச்சுத்தான் நாங்க அஞ்சு பேர் பாஸானோம். நல்லவேளை, அதை நம்பி நான் ஒரு பாலமும் கட்டல, ஊர் பிழைச்சுது."

சாவியக்காவுக்குச் சிரிப்பு வந்தது. பேக்கரிக்காரருக்கு அது போதுமாயிருந்தது.

"நோட்டு மட்டுமா? எங்களுக்குத் தூக்கம் வந்தா அவன் எந்திரிச்சு ஒரு சந்தேகம் கேப்பான். வாத்தியார் இருபது நிமிஷம் அவனுக்கு மட்டும் விளக்குவார். நாங்க இருபது நிமிஷம் கண்ணை மூடிடுவோம். மனுஷன் எங்களைப் பாதுகாத்தாம்மா."

"அவரை எப்பவாவது பின்னாடி கூப்பிட்டிருக்கீங்களா சார்?"

"எப்படிக் கூப்பிடறது? அவன் பின்னாடி வந்துட்டா முன்னாடி சந்தேகம் யார் கேக்கறது?" அவர் சிரித்தார். பிறகு சிரிப்பு குறைந்தது. "கூப்பிடல. ஒரு தடவைகூட."

"அவர் உக்காந்த பெஞ்சு காலியாத்தான் சார் இருக்கு. யாரும் எடுக்கல."

"காலியாவா?" என்றார் அவர். "அது அவன் பெஞ்சு. அவன் பேரைப் போடுங்க. செலவு நாங்க அஞ்சு பேர் பாத்துக்கறோம்."

சாவியக்கா போனை வைத்துவிட்டு அதிகாரியைப் பார்த்தாள். அவர் தன் ரெண்டு போனையும் மேஜைமேல் வைத்துவிட்டார். அன்று முழுக்க அவளும் அவரும் நிஜக் கடைசி பெஞ்சுக்காரர்களாகத் தேடித் தேடிப் பிடித்து, ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: யார் நோட்டு? கேட்டால் போதும், ஒவ்வொருத்தரும் அணை திறந்த மாதிரி பேசினார்கள். ஒருத்தர் இன்னும் ரெண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு, சோடாபுட்டி என்று அழைத்த ஒரு பெண்ணுக்கு பெஞ்சு எடுத்தார். அந்த அம்மா இப்போது ஒரு பள்ளிக்கூடத்தில் தலைமை ஆசிரியை. விஷயத்தைச் சொன்னதும் அவர் அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல், "எல்லாம் சரி, என் நோட்டை இன்னும் திருப்பித் தரலியே" என்று கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டு அனுப்பினார். வியாழக்கிழமை மதியத்துக்குள் ஐந்து பெஞ்சு போயிற்று.

மிச்சம் ஒன்று. முதல் வரிசை நடு பெஞ்சு. பணம் தயார், கையெழுத்துத்தான் இல்லை. பாலத்துக்காரர் முடியாது என்றுவிட்டார்.

"உங்க பேர்லயே எடுத்துக்கக் கூடாதா?" என்று பேக்கரிக்காரரை அதிகாரி கெஞ்சிப் பார்த்தார். "முதல் பெஞ்சுல எங்க பேரா? பெஞ்சே எங்களைத் தள்ளி விட்டுடும்" என்றார் அவர்.

சாவியக்கா மறுபடி பாலத்துக்காரரைக் கூப்பிட்டாள். இந்தத் தடவையும் நின்றுகொண்டுதான்.

"அம்மா, நான் காரணம் சொல்றேன், அப்புறம் கேக்கக் கூடாது. அது ஆறு பேர் உக்கார்ற பெஞ்சு. நாலு வருஷம் நான் ஒருத்தன் அதுல உக்காந்திருந்தேன். பின்னாடி இருந்து சிரிப்புச் சத்தம் வரும். என்ன ஜோக்குன்னு திரும்பிப் பாக்கக்கூட எனக்குக் கூச்சம். அதைப் போய்த் தகட்டுல அடிச்சு மாட்டணுமா?"

கூட்டத்தின் ஓரத்தில் நிற்பது எப்படி என்று சாவியக்காவுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

"மாட்ட வேண்டாம் சார். நாளைக்குக் காலைல ஹாலைத் திறந்து வைக்கிறேன். கையெழுத்து எதுவும் போட வேண்டாம். ஒரு தடவை வந்து கடைசி பெஞ்சுல உக்காந்துட்டுப் போங்க."

அவர் வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரவில்லை என்றும் சொல்லவில்லை.

"உங்க வேலை மாறப்போறதைச் சொல்லியிருக்கலாமே அக்கா. சரின்னிருப்பார்" என்றார் அதிகாரி.

"பரிதாபப்பட்டுக் கையெழுத்துப் போட்டுடுவார் சார். அப்புறம் ஜென்மத்துக்கும் இந்தப் பக்கம் வரமாட்டார்" என்றாள் அவள். சொன்ன பிறகுதான் தன் வாயா இவ்வளவு பேசியது என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. அந்தச் சூட்டோடு பேக்கரிக்காரரையும் காலையில் வரச் சொல்லிவிட்டாள்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கெல்லாம் பேக்கரிக்காரர் ஒரு பெட்டி பன்னோடு வந்து, கடைசி வரிசை நடு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். தொப்பை மேஜைப் பலகையில் இடித்தது. "பெஞ்சு சின்னதாயிடுச்சே" என்று மூச்சை இழுத்துக்கொண்டார். பத்தரை ஆயிற்று. பதினொன்று ஆயிற்று. அதிகாரி வாசலுக்கும் மேடைக்கும் நடையாய் நடந்தார். சாவியக்கா ஒன்றும் செய்யத் தோன்றாமல், ஏற்கனவே பெருக்கிய இடத்தை மறுபடி பெருக்கினாள்.

பதினொன்றேகாலுக்கு வாசலில் ஒரு ஆள் நிழல் விழுந்தது. நரைத்த தலை, ஷூவெல்லாம் சிமென்ட். கையில் மஞ்சள் ஹெல்மெட். உள்ளே வந்தவர் பழக்க தோஷத்தில் முதல் வரிசைப் பக்கம் திரும்பினார்.

"டேய் ரெண்டு கலர், எங்க போறே? இங்க வாடா" என்றார் பேக்கரிக்காரர் பின்னாலிருந்து.

பாலத்துக்காரர் நின்றார். ஒன்பது வரிசைகளையும் தாண்டி நடந்து வர அவருக்கு நேரம் பிடித்தது. பெஞ்சில் பேக்கரிக்காரர் ஒருத்தர்தான். இருந்தாலும் அவர், இல்லாத நாலு பேரைப் பார்த்து, "தள்ளி உக்காருங்கடா, ஆள் வந்திருக்கான்" என்று அதட்டிவிட்டுத் தானும் நகர்ந்து இடம் கொடுத்தார்.

பாலத்துக்காரர் உட்கார்ந்து, தலையைத் தூக்கி எதிரே பார்த்தார். கண்ணைச் சுருக்கினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுப் பார்த்தார்.

"இங்கிருந்து போர்டே தெரியலியேடா."

"பின்னே? உன் நோட்டை எதுக்கு ஜெராக்ஸ் எடுத்தோம்னு நினைச்சே?"

"அன்னிக்கு என்னடா ஜோக்கு? எல்லாரும் சேர்ந்து சிரிச்சீங்களே."

"என்னிக்கு?"

"தினமும்."

பேக்கரிக்காரர் யோசித்தார். "பெரும்பாலும் என் குறட்டைதான்" என்றார். அதற்குப் பாலத்துக்காரர் சிரித்த சிரிப்பில் தொங்கிக்கொண்டிருந்த மின்விசிறியிலிருந்து ஒரு குருவி எழுந்து பறந்தது. ரெண்டு பேரும் பன்னைப் பிட்டுத் தின்றார்கள். பெஞ்சில் செதுக்கியிருந்ததையெல்லாம் ஒவ்வொன்றாக விரலால் தடவிப் படித்தார்கள். கிரிக்கெட் ஸ்கோர் தப்பு என்று பாலத்துக்காரர் கூட்டிக் காட்டினார்.

பதினொன்றே முக்காலுக்கு அவரே படிவத்தைக் கேட்டார். அதிகாரி ஓடி வந்து நீட்டினார்.

"போடறேன். ஆனா என் பேர் தனியா இருக்கக் கூடாது. நாலு வருஷம் அங்க அஞ்சு இடம் காலியா இருந்துச்சு. இவங்க அஞ்சு பேரும் வந்து உக்காரணும்."

பேக்கரிக்காரர் முகம் மாறிப் போயிற்று. "முதல் பெஞ்சுல என் பேரா? டேய், என் பையன் இங்கதான்டா படிக்கிறான். பாத்தா மானம் போயிடும்."

"பக்கத்துல என் பேர் இருக்கும். நோட்டு பாத்துக்கலாம், வா."

பேக்கரிக்காரர் பேனாவை வாங்கி, பல்லைப் பிடுங்கக் கொடுக்கிறவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார். மற்ற நாலு பேருக்கும் அங்கிருந்தே போன் போட்டார். ஐந்து நிமிஷத்தில் அதிகாரியின் போனுக்கு நாலு பேர் கையெழுத்தும் போட்டோவாக வந்து சேர்ந்தன. அதில் ஒன்றில் கையெழுத்துக்கு மேலே மூன்று வரி திட்டு இருந்தது.

சாவியக்கா படிவத்தையும் அந்தப் போனையும் வாங்கிக்கொண்டு ஓடினாள். சாவிக்கொத்தின் சத்தம் கேட்டு வராந்தாவில் நின்றவர்களெல்லாம் வழி விட்டார்கள். பதிவாளர் அம்மா கடிகாரத்தை ஒரு பார்வை பார்த்தார், படிவத்தை ஒரு பார்வை பார்த்தார். பெஞ்சுப் பட்டியலை எடுத்து முப்பது வரை எண்ணினார். மறுபடியும் எண்ணினார்.

"தகட்டுக்குக் கொடுத்த பேருக்கு முன்னாடி 'ரெண்டு கலர்'னு எழுதியிருக்கே, இது என்ன?"

"பட்டம் மேடம்."

"என்ன பட்டம்? எந்தத் துறை?"

"கடைசி பெஞ்சு கொடுத்தது மேடம்."

பதிவாளர் அம்மா நிமிர்ந்து அவளைப் பார்த்தார். இத்தனை வருஷத்தில் இந்த அட்டெண்டர் பேசி அவர் கேட்டதில்லை. உதட்டோரத்தில் ஏதோ அசைந்ததுபோல இருந்தது. கம்ப்யூட்டர் அறை ஃபைலை மூடினார். அதன் கீழே இருந்த சாவியக்காவின் மாற்றல் ஆர்டரை எடுத்து, குறுக்கே ஒரு கோடு கிழித்தார். "கூரை வேலைக்காரங்க திங்கட்கிழமை வருவாங்க. காலைல ஏழு மணிக்கே திறந்து வைக்கணும்" என்றார்.

"சரி மேடம்."

வெளியே வந்து வீட்டுக்குப் போன் செய்தாள். "மத்தியானம் சாப்பிட வந்துடறேன்" என்றாள். "ஐயையோ, மறுபடியும் சண்டையா?" என்றார் வீட்டுக்காரர். பின்னால் ஓடிக்கொண்டிருந்த மெஷின் சத்தம் நின்றிருந்தது.

பூட்டிவிட்டுக் கிளம்பலாம் என்று ஹாலுக்குத் திரும்பினாள். வாசலிலேயே பேக்கரிக்காரர் விரலை உதட்டில் வைத்துச் சைகை காட்டினார். அவர் பக்கத்தில் பாலத்துக்காரர், மடக்கிய கைமேல் தலையைச் சாய்த்து, வாய் லேசாகத் திறந்திருக்க, அசந்து தூங்கிக்கொண்டிருந்தார்.

"எழுப்பிடாதீங்கம்மா" என்றார் பேக்கரிக்காரர் கிசுகிசுப்பாக. "இன்னைக்குத்தான் புதுசா சேர்ந்திருக்கான்."